சோல் தட்டு வாங்கும் முன் ஒரு டிக்கெட் வாங்குங்கள்

இரவு இரண்டு மணி. கூடத்தின் நடுவில் நூறு பேர் வியர்வையில் நனைந்து ஆடிக்கொண்டிருக்கிறார்கள். ஓரத்தில், கழிப்பறைக்குப் போகும் வழியில், இரண்டு மடக்கு மேசைகள். அவற்றின்மேல் மரப்பெட்டிகள், பெட்டி நிறைய ஏழு அங்குல இசைத்தட்டுகள். அறுபதைத் தாண்டிய ஒருவர் ஒரு தட்டை உறையிலிருந்து உருவி, விளிம்பில் மட்டும் விரல் படும்படி பிடித்து, விளக்குக்கு நேராகச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்கிறார். பட்டுப்புடவைக் கடையில் என் அத்தை ஜரிகையைப் பார்ப்பது அப்படியே இப்படித்தான். பார்த்து முடித்ததும் உதட்டைப் பிதுக்கி, தட்டை உறைக்குள் விட்டு, பெட்டியில் திரும்ப வைத்துவிட்டு ஆடப் போய்விட்டார்.

அமெரிக்கக் கறுப்பினத்தவர் பாடிய சோல் இசையை வைத்து வட இங்கிலாந்தில் சுழலும் உலகம் எனக்கு அறிமுகமானது இப்படி ஒரு மேசை ஓரத்தில்தான். மான்செஸ்டருக்கு வேலைக்கு வந்த புதிதில், அலுவலகத்தில் பக்கத்து இருக்கைக்காரர் இழுத்துக்கொண்டு போனார். அதன் பிறகு என்னைக் கேட்கிற நண்பர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: எந்தத் தட்டை முதலில் வாங்குவது? இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம் என்பதுதான் என் பதில். ஏன் என்று சொல்கிறேன். அப்புறம் எப்படி வாங்குவது என்றும் சொல்கிறேன்.

இது எங்கிருந்து வந்தது

1960களில் டெட்ராய்ட், சிகாகோ, ஃபிலடெல்ஃபியா, லாஸ் ஏஞ்சலஸ் நகரங்களில் நூற்றுக்கணக்கான சின்னச் சின்ன இசை கம்பெனிகள் முளைத்தன. டெட்ராய்ட்டின் மோட்டவுன் கம்பெனி அடித்த வெற்றியைப் பார்த்து, நமக்கும் ஒன்று மாட்டாதா என்று ஆளாளுக்கு ஒரு லேபிள், அதாவது தட்டுக் கம்பெனி, தொடங்கினார்கள். சில நூறு தட்டு, ஆயிரம் தட்டு அச்சடிப்பார்கள். உள்ளூர் வானொலி போடவில்லை என்றால் கதை முடிந்தது, மிச்சமெல்லாம் கிடங்குக்குப் போய்விடும். பாடியவர் கார் தொழிற்சாலைக்கோ மாதா கோவில் பாடகர் குழுவுக்கோ திரும்பிவிடுவார்.

அந்தத் தோற்ற தட்டுகளைத் தேடிப் பிடித்து ஆடியவர்கள் அட்லாண்டிக்குக்கு இந்தப் பக்கம், வட இங்கிலாந்தின் தொழிற்சாலை ஊர் இளைஞர்கள். அவர்கள் ஆடிய கூடங்கள்: மான்செஸ்டரில் ட்விஸ்டட் வீல், ஸ்டோக்கில் கோல்டன் டார்ச், பிளாக்பூல் மெக்கா, 1973 செப்டம்பரிலிருந்து 1981 டிசம்பர் வரை விகன் கசீனோ. கசீனோவில் மது விற்க உரிமமே கிடையாது. விடிய விடிய ஆட்டம் மட்டும்தான். லண்டனில் தட்டுக் கடை வைத்திருந்த பத்திரிகையாளர் டேவ் காடின், கால்பந்து பார்க்க வடக்கிலிருந்து வந்த பையன்கள் புதிய ஃபங்க் பாட்டுகளைத் தொடாமல் பழைய வேகப் பாட்டுகளையே கேட்பதைக் கவனித்தார். கடைப் பையன்களுக்குப் புரியட்டும் என்று அவர் வைத்த பெயர்தான் 'நார்தர்ன் சோல்'. அதாவது, அமெரிக்க இசைக்கு இங்கிலாந்தின் திசை பெயராகிவிட்டது!

இதன் விளைவுகளும் விநோதமானவை. த டாம்ஸ் குழு 1964இல் பாடிய ஒரு பாட்டு, இந்த ஆட்டக்கூடங்களின் தயவில் 1971இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. டீன் பாரிஷ் என்ற நியூயார்க் பாடகரின் தட்டு, கசீனோவில் காலை எட்டு மணிக்கு முன் தவறாமல் ஒலித்த மூன்று கடைசித் தட்டுகளில் ஒன்று. இங்கே தனக்கு இப்படி ஒரு கூட்டம் இருக்கிறது என்பதே அவருக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது.

முதலில் காது

மூன்று மாதம் வெறுமனே கேளுங்கள். பணம் அதிகம் ஆகாது. லண்டனின் ஏஸ் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தின் கென்ட் லேபிள் 1982 முதல் தொகுப்புகள் போட்டு வருகிறது. அவற்றோடு வரும் குறிப்புப் புத்தகம் பாட்டுக்குச் சமமான சொத்து. யார் பாடியது, எந்த ஊர், யார் தயாரிப்பாளர், ஏன் விற்கவில்லை, எல்லாம் இருக்கும். சிகாகோவின் நூமரோ குரூப் 2004இல் தொடங்கிய 'எக்ஸென்ட்ரிக் சோல்' வரிசை, ஓர் ஊரின் ஒரே ஒரு குட்டி லேபிளை எடுத்து முழுக்கதையும் சொல்லும். முதல் தொகுதி ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் ஊரிலிருந்த கேப்சோல் லேபிளுக்கு.

கேட்கக் கேட்க உங்கள் காது எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரியும். சிலருக்கு 60களின் வேகத்தாளம். சிலருக்கு நெஞ்சைப் பிசையும் மெதுவான டீப் சோல். அதற்கு டேவ் காடினே தொகுத்த நான்கு குறுந்தகடுகள் இருக்கின்றன, தனியாக ராத்திரி கேட்க வேண்டாம் என்பது என் எச்சரிக்கை. சிலருக்கு 70களின் வழுவழுப்பான மாடர்ன் சோல். இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் சேகரிக்கக் கிளம்பியவர்கள் யாரும் நல்லபடியாகக் கரையேறி நான் பார்த்ததில்லை. ஒரு பக்கம் எடுங்கள். அல்லது ஒரு லேபிள்: டெட்ராய்ட்டின் ரிக்-டிக், சிகாகோ சோல் மணக்கும் ஓகே, லாஸ் ஏஞ்சலஸின் மிர்வுட். ஒரு லேபிளைப் பிடித்தால் கண்ணும் சீக்கிரம் பழகும். அசலின் எழுத்துரு, நிறம், தாளின் வழவழப்பு எல்லாம் மனப்பாடமாகிவிடும்.

அடுத்தது டிக்கெட்

சோல் பாடகர்களான மேவிஸ் ஸ்டேபிள்ஸும் வில்லியம் பெல்லும் 1939இல் பிறந்தவர்கள். இர்மா தாமஸும் மார்த்தா ரீவ்ஸும் 1941. பெட்டி லவெட் 1946. கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். தட்டு அலமாரியில் இன்னும் ஐம்பது வருடம் இருக்கும்.

என் சொந்தக் கதை ஒன்று. சார்ல்ஸ் பிராட்லி பல ஆண்டுகள் சோல் நட்சத்திரம் ஜேம்ஸ் பிரவுன் மாதிரி வேடம் போட்டுப் பாடிப் பிழைத்தவர். 62 வயதில், 2011இல்தான் அவருடைய முதல் ஆல்பம் வந்தது. அவர் இங்கிலாந்து வந்த ஒரு சமயம், மறுநாள் காலை வேலை என்று நான் போகவில்லை. அந்த வாரமே, டிக்கெட் விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்து ஒரு தட்டு வாங்கினேன். 2017 செப்டம்பரில் அவர் இறந்துபோய்விட்டார். அவருக்கு முந்தைய ஆண்டே பாடகி ஷரோன் ஜோன்ஸ் போய்விட்டார், வயது அறுபதுதான். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அது. இப்போது என் கணக்கு எளிது: ஆண்டுத் தொடக்கத்தில் டிக்கெட்டுக்கும் ரயிலுக்கும் பணத்தை ஒதுக்கிவிடுவேன், மிஞ்சியதில்தான் தட்டு.

பாடியவருக்கு என்ன போய்ச் சேருகிறது என்பது இன்னொரு காரணம். பழைய தட்டு ஒன்று ஆயிரம் பவுண்டுக்குக் கை மாறினாலும் அதைப் பாடியவருக்கு ஒரு பைசா கிடையாது. அமெரிக்காவில் பண்பலை வானொலி பாட்டைப் போட்டாலும் பாடகருக்குப் பணம் இல்லை, எழுதியவருக்குத்தான். பாடகருக்கு நேராகப் போய்ச் சேருவது மேடைச் சம்பளமும், நிகழ்ச்சி முடிந்ததும் அவர் வைத்திருக்கும் சின்ன மேசையில் விற்கிற குறுந்தகடும்தான்.

எங்கே பார்ப்பது? லண்டன் ஆக்ஸ்ஃபோர்டு தெருவின் 100 கிளப்பில் 1980 முதல் விடிய விடிய சோல் இரவுகள் நடக்கின்றன. நிலத்தடியில் இருக்கும் சின்ன இடம், தூண் மறைக்காத இடமாகப் பார்த்து நில்லுங்கள். பிளாக்பூல் வின்டர் கார்டன்ஸில் ஜூன் மாதத்தில் ஒரு பெரிய விழா, அமெரிக்காவிலிருந்து பாடகர்களை வரவழைப்பார்கள். கடலோர விடுமுறை முகாம்களில் வெள்ளி முதல் ஞாயிறு வரை நடக்கும் 'வீக்கெண்டர்'களும் உண்டு. குடும்பத்தோடு போக வேண்டும் என்றால் நான் சொல்வது இத்தாலி. பொலோன்யாவிலிருந்து ரயிலில் மலைப்பக்கம் போனால் பொரெத்தா டெர்மே என்று ஒரு குட்டி வெந்நீர் ஊற்று ஊர். சோல் பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங்கின் நினைவாக 1980களின் கடைசியிலிருந்து அங்கே ஜூலையில் சோல் விழா நடக்கிறது. மேடை இருக்கும் பூங்காவுக்கு மெம்ஃபிஸ் பாடகர் ரூஃபஸ் தாமஸின் பெயர் வைத்திருக்கிறார்கள். பகலில் தேநீர்க் கடையில் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பவர்தான் ராத்திரி மேடையில் நிற்பார். அந்த ஊரின் அளவு அப்படி.

டிக்கெட் எடுப்பதற்கு முன் இரண்டு விஷயம் விசாரியுங்கள். ஒன்று, குழுப் பெயரை நம்பாதீர்கள். டிரிஃப்டர்ஸ், பிளாட்டர்ஸ் போன்ற பெயர்களில், பழைய ஆள் ஒருவர்கூட இல்லாத குழுக்கள் ஊர் ஊராகச் சுற்றியிருக்கின்றன. இந்தத் தொல்லைக்காகவே அமெரிக்க மாநிலங்கள் பல சட்டம் போட்டன, சுப்ரீம்ஸ் குழுவின் மேரி வில்சன் அதற்காக அலையாய் அலைந்தார். யார் பாடுகிறார் என்று ஆள் பெயர் போட்டிருக்கிறதா பாருங்கள். இரண்டு, பின்னணிக்கு உயிருள்ள வாத்தியக் குழுவா, பதிவு செய்த டிராக்கா? விடிய விடிய நடக்கும் ஆல்நைட்டர்களில் டிராக் வைத்து நான்கைந்து பாட்டு மட்டும் பாடிவிட்டு இறங்குவதும் வழக்கம்தான். தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது.

குரலைப் பற்றியும் ஒரு வார்த்தை. எண்பது வயதுக்காரர் 1966ஆம் ஆண்டுத் தட்டில் இருப்பது போலப் பாட மாட்டார். சுருதியை ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டை இறக்கியிருப்பார்கள், உச்சத்தைக் கூட்டத்தின் பக்கம் மைக்கை நீட்டிச் சமாளிப்பார்கள். வயதான நாதஸ்வர வித்வான் முழு மூச்சு பிடிக்க முடியாத இடத்தில் ஒரு சின்னக் குழைவு கொடுத்துத் தாண்டுவாரே, கேட்டிருக்கிறீர்களா? அந்தக் காதோடு போங்கள். தட்டில் இருபது வயதில் பாடிய பிரிவுப் பாட்டை அதே ஆள் அறுபது வருடம் கழித்துப் பாடும்போது வேறு ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்துகொள்கிறது. அது எந்தத் தட்டிலும் கிடையாது.

ஆட்டக்கூட நடைமுறை கொஞ்சம்தான். கையில் குவளையோடு ஆடுகளத்துக்குள் கால் வைக்காதீர்கள், தரை ஈரமானால் சுழன்று ஆடுகிறவர் கால் முறியும். தோல் அடிப்பாகம் உள்ள காலணி நல்லது. தரையில் வெள்ளையாகக் கிடப்பது டால்கம் பவுடர், பயப்பட வேண்டாம். பாட்டு நன்றாக இருந்தால் முடிந்ததும் கைதட்டுவார்கள், டிஜேவுக்கு அது போதும். ஓரமாக உங்கள் பாட்டுக்கு ஆடுங்கள், ஒருவரும் கவனிக்க மாட்டார்கள். வேட்டி கட்டிக்கொண்டு போய் ஆடிய ஆள் என்ற முறையில் சொல்கிறேன்.

சரி, இப்போது தட்டு

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது இங்கே ரொம்பவே பொருந்தும். முதல் படி, உரிமம் வாங்கிப் புதிதாக அச்சடித்த மறுபதிப்பு சிங்கிள்கள், அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டுள்ள சின்னத் தட்டுகள். பத்துப் பதினைந்து பவுண்டில் முடிந்துவிடும், ஒலியும் சுத்தம். அடுத்த படி, 70களில் பிரிட்டனில் திரும்ப வெளிவந்தவை. ஆர். டீன் டெய்லர் 1967இல் பாடி ஓடாத பாட்டு 1974இல் இங்கே மூன்றாம் இடம் வரை ஏறியது. ராபர்ட் நைட்டின் 1968 பாட்டும் அதே ஆண்டு முதல் பத்துக்குள் வந்தது. அவ்வளவு விற்றதால் அந்தத் தட்டுகள் பழைய பொருள் விற்கும் தர்மக் கடைகளில்கூடச் சில பவுண்டுக்கு அகப்படும். மூன்றாவது, அமெரிக்காவில் ஹிட்டான பாட்டுகளின் அசல் தட்டுகள். நிறைய அச்சடித்தவை என்பதால் விலை மலிவு. இந்த மூன்று படியிலேயே ஐந்து வருடம் சந்தோஷமாக இருக்கலாம். நான் இருந்தேன்.

அதற்கு மேலே போனால் ஆனை விலை குதிரை விலை. ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: அரிது என்பது பாட்டுக்கு அல்ல, அச்சுக்கு. டாரெல் பேங்க்ஸ் 1966இல் பாடிய 'ஓப்பன் த டோர் டு யுவர் ஹார்ட்' அமெரிக்காவில் ரெவிலாட் லேபிளில் வந்து ஹிட்டானது, அந்தத் தட்டு இன்றும் சாதாரணமாகக் கிடைக்கும். பிரிட்டனில் அதே பாட்டை 'லண்டன்' என்ற பெயருள்ள லேபிள் அச்சடித்து, உரிமம் வேறொருவரிடம் இருந்ததால் திரும்பப் பெற்றுக்கொண்டது. தப்பிப் பிழைத்த தட்டு ஒன்று 2014இல் 14,543 பவுண்டுக்குப் போனது. இரண்டிலும் இருப்பது அதே குரல், அதே பாட்டு.

இந்த உலகின் கோஹினூர் ஃபிராங்க் வில்சனுடைய 'டூ ஐ லவ் யூ'. 1965இல் மோட்டவுனின் 'சோல்' என்ற பெயருள்ள லேபிளில் வானொலிக்கான டெமோ தட்டுகள் கொஞ்சம் அச்சானதோடு சரி. வில்சன் பாடகராக அல்லாமல் தயாரிப்பாளராகத் தொடர்ந்தார், தட்டுகள் அழிக்கப்பட்டன. விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் மிஞ்சின. 2009இல் ஒன்று 25,742 பவுண்டுக்கு விற்றது. இதன் கள்ளப்பதிப்பு ஒரு காலத்தில் 'எட்டி ஃபாஸ்டர்' என்ற பெயரில் சுற்றியது. போட்டி டிஜேக்கள் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று தட்டின் நடுவிலுள்ள லேபிள் தாள்மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, பொய்ப் பெயர் சொல்லிப் போடுவது அப்போதைய வழக்கம். கவர்-அப் என்பார்கள், இன்றும் உண்டு. ஆகவே ஒரு டிஜேவிடம் போய் 'இது என்ன பாட்டு?' என்று கேட்டு அவர் சிரித்தால், கோபப்படாதீர்கள்.

வில்சனின் இந்தப் பாட்டு 1979இல் பிரிட்டனில் முறையாக வெளிவந்தது. கேட்பதற்கு அது தாராளமாகப் போதும். சில கூடங்களில் அசல் தட்டு மட்டும்தான் போட வேண்டும் என்று கண்டிப்பு உண்டு, ஆனால் அது டிஜேக்களுக்கான சட்டம். வீட்டில் கேட்பவர் அதைப் பார்த்துக் கடன் வாங்குவது, புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை.

கையில் எடுத்தால் எதைப் பார்ப்பது

முதல் கேள்வி: இது வினைலா, ஸ்டைரீனா? 60களின் அமெரிக்க சிங்கிள்களில் பெரும் பங்கு ஸ்டைரீன் என்ற மலிவான, விறைப்பான பிளாஸ்டிக்கில் வார்த்தவை. வினைல் லேசாக வளைந்து கொடுக்கும், விளிம்பு மெலிதாக இருக்கும், லேபிள் தட்டோடு தட்டாக அழுந்தியிருக்கும். ஸ்டைரீன் வளையாது, விளிம்பு மொட்டையாக இருக்கும், லேபிள் மேலே ஒட்டிய தாளாகத் தெரியும். நகத்தால் மெல்லச் சுண்டினால் ஸ்டைரீனின் ஒலி கொஞ்சம் கணீர் என்று வரும். விற்பவர் முன்னால் சுண்டாதீர்கள், முறைப்பார்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால், தேய்ந்த ஊசியில் ஓடிய ஸ்டைரீன் கண்ணுக்குப் பளபளவென்றே இருக்கும். போட்டால் எண்ணெயில் அப்பளம் பொரியும். அதுவும் டிஜேக்கள் பாட்டின் தொடக்கத்தை முன்னும் பின்னும் ஆட்டி நிறுத்துவதால் முதல் சில விநாடிகள் மட்டும் இரைச்சலாகியிருக்கும். ஆகவே ஸ்டைரீன் என்றால் கண்ணை நம்பாதீர்கள், போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பல மேசைகளில் காதொலிக் கருவியோடு ஒரு சின்ன பிளேயர் இருக்கும்.

தர வரிசைச் சொற்களில் ஒரு பொறி இருக்கிறது. அமெரிக்க முறையில் மின்ட், நியர் மின்ட், விஜி பிளஸ், விஜி, குட் என்று இறங்கும். 'விஜி' என்றால் வெரி குட், அதாவது ரொம்ப நல்லது. ஆனால் உண்மையில் அந்தத் தட்டு பாட்டு முழுக்க இரையும். 'குட்' என்றால் எடுக்கவே வேண்டாம். கல்யாணத் தரகர் 'பையன் கொஞ்சம் மாநிறம்' என்பது மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் இருக்கும் வெற்று வளையம். தட்டின் ஜாதகமே அங்கேதான். சாய்த்துப் பிடித்தால் எண்களும் எழுத்துகளும் தெரியும். லாஸ் ஏஞ்சலஸின் மோனார்க் ஆலையில் அச்சானதில் சின்ன முக்கோணம் போட்டு ஓர் எண் கீறியிருக்கும். மிச்சிகனில் ஒவாஸ்ஸோ ஆலையில் அச்சானதில் 'ஏஆர்பி' முத்திரை, மோட்டவுன் தட்டுகள் பலவற்றில் காணலாம். அந்த ஆலை 1972இல் தீயில் போய்விட்டது, ஆகவே அந்த முத்திரை நல்ல சாட்சி. உங்கள் தட்டின் எண்ணை 45கேட் தளத்திலோ டிஸ்காக்ஸிலோ உள்ள படங்களோடு ஒப்பிடுங்கள். அசலில் இயந்திரம் குத்திய எண் இருக்க, உங்கள் கையிலிருப்பதில் ஆணியால் கிறுக்கியது போல இருந்தால் சந்தேகப்படுங்கள். அதற்காகக் கையால் கீறியதெல்லாம் போலி என்றும் இல்லை, முக்கோண எண்ணே கையால் கீறியதுதான். ஒப்பிடாமல் முடிவு செய்யாதீர்கள்.

லேபிளின் எழுத்து மங்கலாக, நகலெடுத்தது போல இருக்கிறதா? அசல் ஸ்டைரீனில் மட்டுமே வந்தது என்று தெரிந்த பாட்டு வினைலில் இருக்கிறதா? இவையெல்லாம் அறிகுறிகள். ஒன்று மட்டும் அறிகுறி ஆகாது: பழசாகத் தெரிவது. 70களில் அடித்த கள்ளத்தட்டுகளுக்கும் இப்போது ஐம்பது வயது. அவையும் மஞ்சளடித்து, மூலை கிழிந்து, யாரோ பேனாவில் பெயர் எழுதி, பரம சாதுவாகத்தான் இருக்கின்றன.

இணையத்தில் வாங்குவதானால், விற்பவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்ற விலையைப் பாருங்கள். டிஸ்காக்ஸில் ஒவ்வொரு தட்டுக்கும் குறைந்த, நடு, உயர்ந்த விலை இருக்கும். பாப்சைக் தளம் பழைய ஏல முடிவுகளைச் சேர்த்து வைத்திருக்கிறது. வெற்று வளையத்தின் படம் கேளுங்கள். தராதவரிடம் வாங்காதீர்கள், அவ்வளவுதான். அமெரிக்காவிலிருந்து ஒரே ஒரு ஆறு டாலர் தட்டை வரவழைத்தால் சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் ஆகிவிடும், மேலே வரி வேறு. ஒரே விற்பனையாளரிடம் பத்துத் தட்டாகச் சேர்த்து எடுங்கள்.

வீட்டில்

அமெரிக்கத் தட்டின் நடுவே பெரிய ஓட்டை இருக்கும், அதற்கு ஒரு பிளாஸ்டிக் அடாப்டர் வேண்டும். மறந்துவிட்டு ராத்திரி பதினொரு மணிக்குத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்காதீர்கள். ஊசி கூம்பு முனை கொண்டதாக இருக்கட்டும். விலை உயர்ந்த நுண்முனை ஊசிகள் ஸ்டைரீனுக்குத் தேவையில்லை. ஊசி தட்டில் அழுத்தும் எடையைக் கம்பெனி சொன்ன அளவில் வையுங்கள். எங்கள் ஊர் திருவிழாவில் மைக் செட் போடும் அண்ணன் தட்டு தாவாமலிருக்க ஊசிக்கை மேல் நாலணாக் காசு வைப்பார். அந்தத் தட்டுகளெல்லாம் என்ன கதியாகியிருக்கும் என்று இப்போது நினைத்தால் வயிறு கலங்குகிறது. கழுவக் காய்ச்சி வடித்த நீரும் ஒரு சொட்டு பாத்திர சோப்பும் போதும், ஸ்டைரீன் பக்கம் ஆல்கஹாலைக் கொண்டுபோக வேண்டாம், லேபிளில் ஈரம் படக் கூடாது. நிற்க வைத்து அடுக்குங்கள், வெயிலில் காருக்குள் விடாதீர்கள்.

கையெழுத்து

பாடகரைச் சந்திக்கும்போது தட்டு கொண்டுபோவது அழகான பழக்கம். அவர்களிடமே அது இருக்காது. சேகரிப்பவர்களால் வாழ்க்கை திரும்பியவர்களும் உண்டு. பெட்டி லவெட் 1972இல் பதிவு செய்த ஆல்பத்தைக் கம்பெனி வெளியிடாமல் மூட்டை கட்டி வைத்துவிட்டது. கில் பெத்தார் என்ற பிரெஞ்சு சேகரிப்பாளர் உரிமம் வாங்கி 2000இல் அதை வெளியிட்டார். லவெட்டின் இரண்டாவது ஆட்டம் அங்கிருந்துதான் சூடுபிடித்தது.

ஆனால் கொண்டுபோகிற தட்டு எது என்று பார்த்துக் கொண்டுபோங்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு கடலோர வீக்கெண்டரில், டெட்ராய்ட்டிலிருந்து வந்திருந்த ஒரு பாட்டியம்மா பாடி முடித்துவிட்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். முழங்காலில் சால்வை, பக்கத்தில் தேநீர். வரிசையில் நின்று என் முறை வந்ததும் பெருமையாகத் தட்டை நீட்டினேன். கொஞ்சம் நல்ல விலை கொடுத்து வாங்கியது. அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கி, தட்டை விளக்குக்கு நேராகச் சாய்த்தார். ஜரிகை பார்ப்பது போலவேதான்.

"கண்ணு, இது எங்க ஆள் போட்டதில்லையே. எங்க லேபிள்ல இந்த நீலம் கிடையாது."

எனக்கு முகம் செத்துவிட்டது. மன்னிப்புக் கேட்கிறேன் என்று ஏதோ உளறினேன். அவர் சிரித்துக்கொண்டே, "இந்தப் பாட்டுக்கு அப்பவும் எனக்குக் காசு வரலை, இப்பவும் வரலை. பாவம், இதைத் திருட்டுத்தனமா போட்டவன் உன்கிட்டயாவது வாங்கினானே" என்றார். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு வெறும் தாள் உறையை எடுத்து, என் பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லச் சொன்னார். மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. எழுதி முடித்து, மேசையில் அடுக்கியிருந்த தன் குறுந்தகடு ஒன்றை உறையின் மேல் வைத்து என் பக்கம் நகர்த்தினார்.

"பத்து பவுண்டு."